இலையுதிர்காலத்துக்குள் ஆமை எப்படி வந்தது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பழைய சீன ஓவியம் ஒன்றின் ஓரத்தில் எழுதியிருந்த வரியில் ஓர் எழுத்து பிடிபடவில்லை. இடப்பக்கம் பயிர், வலப்பக்கம் ஆமை. தேடிப் பார்த்தால் ‘இலையுதிர்காலம்’ என்று வருகிறது. ஆனால் வகுப்பில் படித்த எழுத்தில் பயிருக்குப் பக்கத்தில் தீ அல்லவா இருந்தது? எழுதியவர் செய்த பிழையா? வேறு எழுத்தா? இரண்டில் எது அசல்?

பிழை இல்லை, வேறு எழுத்தும் இல்லை. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். ‘எது அசல்’ என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த ஓர் எழுத்தின் கதையைக் கடைசிவரை பார்த்துவிட்டால், சீன எழுத்தின் மாற்றுருக்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய உருவம் ஹெனான் மாகாணத்து ஆன்யாங்கில் தோண்டியெடுத்த எலும்புகளில் இருக்கிறது. ஷாங் அரசர்கள், ஏறத்தாழ கி.மு. 1250 முதல், போருக்குப் போகலாமா, மழை வருமா, விளைச்சல் எப்படி என்று குறி கேட்டார்கள். ஆமையின் அடியோட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் சூடுகாட்டி, விழும் விரிசலைப் பார்த்துப் பலன் சொல்லி, கேட்ட கேள்வியை அதே ஓட்டில் கீறி வைத்தார்கள். அங்கே ‘இலையுதிர்காலம்’ ஒரு பூச்சி. தலையில் இரண்டு மீசை, முதுகில் இறக்கை, மடங்கிய கால். சில ஓடுகளில் பூச்சிக்கு அடியில் தீ எரிகிறது. பயிர் இல்லை, ஆமையும் இல்லை. அது சிள்வண்டா வெட்டுக்கிளியா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. சிள்வண்டு என்றால் அது கத்தும் பருவம். வெட்டுக்கிளி என்றால் அறுவடை நேரத்தில் வந்து இறங்கும் கூட்டத்தைத் தீமூட்டி விரட்டும் பருவம். அடியில் தீ இருக்கும் உருவத்தைப் பார்க்கிறபோது எனக்கு வெட்டுக்கிளிதான் பொருந்துகிறது.

பிறகு நடந்தது கைமாற்றம். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதும்போது, இது பூச்சி என்ற நினைவு போய்விட்டது. மீசையும் கால்களும் முதுகும் உள்ள ஓர் உருவம். எழுதுகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளில் இதற்கு ஒப்பானது ஆமை. கை தெரிந்ததை நோக்கியே போகும், பூச்சி ஆமையாகிவிட்டது. இடையில் பொருளைத் தெளிவாக்கப் பக்கத்தில் பயிரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக பயிர், தீ, ஆமை மூன்றும் கூடிய கனத்த உருவம் ஒன்று உண்டாயிற்று.

கி.பி. 100-இல் ஷூ ஷென் என்ற அறிஞர் சீனத்தின் முதல் பெரிய எழுத்து அகராதியை எழுதி முடித்தார். எழுத்துகளை வகைபிரிக்க உதவும் 540 தலைப்பு உறுப்புகளின் கீழ் 9,353 எழுத்துகள். அவற்றோடு 1,163 மாற்றுருக்கள். அவருடைய மகன் அதைப் பேரரசரிடம் சேர்த்தது 121-இல். மாற்றுருக்களைக் குப்பை என்று தள்ளாமல் அந்தந்த எழுத்துக்கு அடியிலேயே எழுதி வைத்தார் பாருங்கள், அதற்கு நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். இலையுதிர்காலத்துக்கு அவர் தலைப்பில் வைத்தது பயிரும் தீயும் மட்டும் உள்ள உருவம். அதன் கீழே, பழைய உருவம் என்று, ஆமையோடு கூடிய கனத்த வடிவத்தைக் கொடுத்தார். ஆமை ஏன் என்பதற்கும் விளக்கம் சொன்னார்: குறி கேட்க ஆமையோட்டைச் சுடும்போது விரிசல் சரியாக விழாமல் போவதைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு, ஆமையும் தீயும் சேர்ந்தது, அதன் ஓசையை இங்கே இரவல் வாங்கியிருக்கிறார்கள் என்றார்.

கையில் இருந்த சான்றுகளை வைத்து அதைவிட நல்ல விளக்கம் யாராலும் தந்திருக்க முடியாது. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய சான்று ஆன்யாங்கில் மண்ணுக்கு அடியில் கிடந்தது. மருந்துக்கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த துண்டுகளில் எழுத்து இருப்பதை பெய்ஜிங்கில் வாங் யீரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டது 1899-இல்தான். அந்த எழுத்தில் ஆமை கிடையாது என்ற செய்தி, உண்மையான ஆமைகளின் ஓட்டிலேயே எழுதப்பட்டு மூவாயிரம் ஆண்டு காத்துக் கிடந்திருக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருவோம். மூன்று உறுப்பு கொண்ட அந்தக் கனத்த உருவத்திலிருந்து ஆமையை இறக்கிவிட்டால் நீங்கள் வகுப்பில் படித்த எழுத்து. தீயை இறக்கிவிட்டால் ஓவியத்தில் பார்த்த எழுத்து. இரண்டும் உடன்பிறப்புகள். ஆமை உருவம் பார்க்கப் பழமையாக இருக்கும், ஆனால் அந்த ஆமையே ஒரு பழைய கைப்பிசகின் பிள்ளை. எளிய உருவம் புதிது போலத் தெரியும், ஆனால் அதில் இருக்கும் தீதான் ஷாங் காலத்து எலும்பிலிருந்து நேராக வந்தது. ஜப்பானில் இந்த ஆமை உருவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கபுகி நாடகக் கொட்டகைகளில் கடைசி நாள் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லில் இலையுதிர்கால எழுத்து வருகிறது. மரக்கொட்டகைக்குத் தீ என்றால் பயம், ஆகவே தீ உள்ள உருவத்தைத் தவிர்த்து ஆமை உள்ளதை எழுதுவார்கள். ஆமை அங்கே நீண்ட ஆயுளின் அடையாளம். பூச்சியாகப் பிறந்தது இப்படி ஒரு மங்கலப் பொருளாக முடிந்திருக்கிறது.

இந்த மாதிரி வேடிக்கைகள் எல்லா எழுத்திலும் கிடையாது. மாற்றுருக்களில் பெரும்பாலானவை வெறும் இடமாற்றம். ஷூ ஷென் கொடுத்த உருவத்தில் தீ இடப்பக்கம், பயிர் வலப்பக்கம்; இன்றைக்கு நேர்மாறு. ‘வாத்து’ எழுத்தில் பறவை உறுப்பை வலப்பக்கமும் போடலாம், கீழேயும் போடலாம். ‘மலைமுகடு’ எழுத்தில் மலை பக்கத்திலும் நிற்கும், தலைமேலும் ஏறும். இதில் ஆழமான பொருள் தேட வேண்டியதில்லை.

அடுத்தது எழுதும் வேகத்தால் வந்தவை. கி.மு. 221-இல் சின் அரசு மற்ற நாடுகளை வென்றபோது ஒவ்வொரு நாட்டிலும் எழுத்து வேறுவேறாக இருந்தது. அரசவை ஒழுங்குபடுத்திய முத்திரை எழுத்தை எல்லாருக்கும் விதித்தது. ஆனால் வளைவும் நெளிவுமான அந்த எழுத்தை, மூங்கில் பட்டையில் தினமும் கணக்கும் வழக்கும் எழுதும் குமாஸ்தாக்களால் நிதானமாக வரைந்துகொண்டிருக்க முடியுமா? தூரிகையை இழுத்த வேகத்தில் வளைவுகள் கோடுகளாயின. அதைத்தான் குமாஸ்தா எழுத்து என்கிறோம். குதிரையின் கால்கள், மீனின் வால், சிட்டுக்குருவி போன்ற தகைவிலானின் வால், அடியில் எரியும் தீ எல்லாம் நான்கு புள்ளிகளாகிவிட்டது இந்தக் காலத்தில்தான். இன்றைய எழுத்தை வைத்துக்கொண்டு ‘நான்கு புள்ளி என்றால் தீ’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள், மீனுக்கு அடியில் ஏன் தீ எரிகிறது என்று குழந்தை கேட்டால் திணறுவது இதனால்.

முத்திரை எழுத்துக்கு முந்திய மற்ற நாடுகளின் எழுத்து அழிந்தே போயிற்று என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். மண் அதையும் திருப்பிக் கொடுத்தது. கன்ஃபூசியஸ் சிந்தனையின் நடுநாயகமான சொல் ‘ரென்’, மனிதநேயம். இன்றைய எழுத்தில் ‘மனிதன்’, பக்கத்தில் ‘இரண்டு’. ஷூ ஷென் இதற்குப் பழைய உருவம் ஒன்றைக் குறித்து வைத்திருந்தார்: மேலே ‘ஆயிரம்’, கீழே ‘இதயம்’. ஆயிரம் இதயங்கள் சேர்ந்தது மனிதநேயம் என்று அழகாக உரை சொல்வதற்கு இது மிகவும் தோது. 1993-இல் ஹுபெய் மாகாணத்துக் குவோதியனில் ஒரு கல்லறையிலிருந்து சூ நாட்டு மூங்கில் பட்டைகள் வெளிவந்தன. அதில் ‘ரென்’ மறுபடி மறுபடி வருகிறது: மேலே ‘உடல்’, கீழே ‘இதயம்’. ‘உடல்’ எழுத்து சுருங்கித் தேய்ந்ததுதான் ‘ஆயிரம்’ போல ஆகிவிட்டது என்பது இப்போது அறிஞர் பலரின் முடிவு. ஆயிரம் இதயம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் இல்லை. மனிதநேயம் என்பதை உடம்போடு கூடிய ஒரு மனம் என்று எழுதிய அந்த ஊர் எழுத்தர் அதைவிட ஆழமாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ‘எது சரி’ என்ற பக்கத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைச் சீனர்களும் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் யென் ஜிதுய் என்ற அறிஞர், போர்க் குழப்பத்துக்குப் பிறகு வடக்கே ஆளாளுக்கு எழுத்தை உண்டாக்குகிறார்கள் என்று நொந்து எழுதினார். ‘நூறு நினைப்பு’ என்று இரண்டு எழுத்தை அடுக்கிக் ‘கவலை’ என்கிறார்கள், ‘மீண்டும் வாழ்வு’ என்று சேர்த்து ‘உயிர்த்தெழு’ என்கிறார்கள் என்று பட்டியலே போட்டார். அவர் குறை சொன்ன அந்த ‘மீண்டும் வாழ்வு’ எழுத்தை இன்றைக்கும் தைவானில் எழுதுகிறார்கள். கண்டித்தவர் போனார், எழுத்து நின்றது.

அவர் வழித்தோன்றலான யென் யுவான்சுன் தாங் வம்ச காலத்தில் இன்னும் பக்குவமாக யோசித்தார். அரசுப் பதவிக்குப் போகிறவர்களுக்காக அவர் தொகுத்த கையேட்டில் உருவங்களை மூன்றாகப் பிரித்தார்: வழக்கில் உள்ளது, ஏற்கத்தக்கது, முறையானது. கணக்கேடு, பத்திரம், மருந்துச் சீட்டு போன்றவற்றுக்கு வழக்கு உருவமே போதும். விண்ணப்பத்துக்கும் கடிதத்துக்கும் ஏற்கத்தக்கது. நூல் எழுதவும் தேர்வுக்கும் முறையானது. அவருடைய சகோதரர் மகனும் பெரும் கையெழுத்துக் கலைஞருமான யென் ஜென்சிங் 774-இல் அதைத் தன் கையால் எழுதிக் கல்லில் வெட்டுவித்தார். சரியா தப்பா என்று கேட்காமல், எந்த இடத்தில் எது என்று கேட்டார்கள். 1,200 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல அணுகுமுறையை நான் பார்க்கவில்லை.

ஆணையிட்டு உண்டாக்கிய உருவங்களும் உண்டு. சீன வரலாற்றில் தன் பெயரிலேயே பேரரசராக ஆண்ட ஒரே பெண் வூ சேதியன். 689-இல் அவர் காலத்தில் புதிய எழுத்துகள் அறிவிக்கப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 18. ‘நிலம்’ என்பதற்கு மலை, நீர், மண் மூன்றையும் அடுக்கினார்கள். ‘அமைச்சர்’ என்பதற்கு ‘ஒன்று’, அதன் கீழ் ‘விசுவாசம்’. தன் பெயருக்கு அவர் எடுத்துக்கொண்டது வெளிக்கு மேலே சூரியனும் சந்திரனும் நிற்கும் எழுத்து. ‘நாடு’ என்பதற்கு நான்கு பக்கமும் அடைத்த கட்டம். அதற்குள் வூ என்ற குலப்பெயரை வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, கட்டத்துக்குள் ஆள் இருந்தால் ‘கைதி’ என்ற எழுத்துப் போல ஆகிவிடும் என்று இன்னொருவர் எச்சரிக்க, கடைசியில் ‘எட்டுத் திசை’யை உள்ளே வைத்தார்கள் என்று பழைய குறிப்பு சொல்கிறது.

705-இல் அவர் ஆட்சி முடிந்ததும் இவை கைவிடப்பட்டன. ஆகவே ஒரு கல்வெட்டிலோ சுவடியிலோ இவற்றைக் கண்டால் காலம் கணிக்க உதவும். ஆனால் ஒரு பக்கம்தான் உதவும். 689-க்கு முந்தியது அல்ல என்று சொல்லலாம்; 705-க்குள் எழுதியது என்று அடித்துச் சொல்ல முடியாது. கொரியாவில் கியோங்ஜு நகரத்துப் புல்குக்சா கோயில் கோபுரத்தைப் பழுதுபார்த்தபோது 1966-இல் கிடைத்த, மரக்கட்டையால் அச்சிட்ட தாரணி என்ற பௌத்த மந்திரச் சுருளில் இந்த எழுத்துகள் இருக்கின்றன. கோபுரம் எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சுருளை அச்சிட்டது எப்போது, எங்கே என்ற வாதத்தில் இரு தரப்பும் இந்த எழுத்துகளைச் சான்றுக்கு இழுக்கின்றன. ‘எட்டுத் திசை நாடு’ ஜப்பானுக்கும் போய், 17-ஆம் நூற்றாண்டில் தொகுகாவா மிட்சுகுனி என்ற பிரபுவின் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டது.

சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் காலத்துப் புத்தகம் என்றால் நான் முதலில் பார்ப்பது ‘கருமை’ என்ற எழுத்தை. காங்ஷி பேரரசரின் பெயரில் அது வருவதால், மரியாதைக்காகக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். 47,035 எழுத்துகளோடு 1716-இல் வெளியான அவருடைய அகராதியே இதைத்தான் செய்கிறது. ஒரு புள்ளி இல்லாததை வைத்துப் பதிப்பின் காலத்தைச் சொல்லலாம்.

சீனா 1955-இல் 810 தொகுதிகளில் 1,055 மாற்றுருக்களை நீக்கியது. அடுத்த ஆண்டு எளிய எழுத்துகளை அறிவித்தது. எளிய எழுத்து என்றாலே பழமையைச் சிதைத்தது என்று சிலர் சொல்வார்கள். ‘மேகம்’ எழுத்தின் எளிய உருவம்தான் ஆமையோட்டில் இருப்பது. அதை ‘சொல்’ என்ற வேறு பொருளுக்கு இரவல் கொடுத்துவிட்டதால் பின்னாளில் மேலே மழையைச் சேர்த்தார்கள். ‘தொடர்’ எழுத்தில் ஒருவர் பின் ஒருவர் நிற்கும் இரண்டு மனிதர்களும் அப்படித்தான், மிகப் பழையவர்கள். மறுபக்கம், ‘தூசி’யைப் பாருங்கள். ஷூ ஷென் கொடுத்த உருவத்தில் மூன்று மான்கள் மண்மேல் ஓடுகின்றன, புழுதி கிளம்புகிறது. பிறகு ஒரே மான். எளிய உருவத்தில் மானே இல்லை, ‘சின்ன மண்’. அதுவும் யாரோ முன்பே மக்கள் வழக்கில் கண்டுபிடித்த அழகான உருவம்தான். ஆனால் அந்த மூன்று மான்களை ஒரு தரம் பார்த்துவிட்டவருக்கு மறக்காது.

கணினி வந்த பிறகு சிக்கல் மனிதர்களின் பெயரில் வந்து இடித்தது. 1980-இல் சீனா வகுத்த கணினித் தரத்தில் 6,763 எழுத்துகள். பின்னாளில் பிரதமரான ஜூ ரோங்ஜியின் ‘ரோங்’ அதில் இல்லை. தைவானில் 2002-இல் பிரதமரான யூ ஷி-குன்னின் ‘குன்’ அங்கிருந்த தரத்தில் இல்லை. ‘சதுரம் சதுரம் மண்’ என்று மூன்று எழுத்தாகப் பிரித்துத் தட்டினார்கள். 2013-இல் சீன அரசு 8,105 எழுத்துகளின் பட்டியலை வெளியிட்டபோது முன்பு விலக்கியிருந்த 45 உருவங்களை மறுபடி ஏற்றுக்கொண்டதில் இந்தக் ‘குன்’னும் ஒன்று.

உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் 1992-இல் 20,902 சீன எழுத்துகள் இருந்தன. 2022-இல் 97 ஆயிரத்தைத் தாண்டியது. இவ்வளவும் தனித்தனிச் சொற்கள் என்று நினைக்காதீர்கள், இவற்றில் நிறைய மாற்றுருக்கள். நம் ஊரில் 1978-இல் மாறிய பழைய ‘ணை’, ‘லை’, ‘றா’ எழுத்துகளுக்கு யூனிகோடில் தனி இடம் இல்லை. எழுத்துரு மாற்றினால் துதிக்கை தூக்கிய பழைய உருவம் வந்துவிடும். சீனத்தில் சில மாற்றுருக்களுக்கு அந்த வழி, சிலவற்றுக்குத் தனி எண். எந்தக் கோட்டில் பிரிப்பது என்பது தீராத வழக்கு.

இந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஆவிகளும் இருக்கின்றன. ஜப்பான் 1978-இல் தன் கணினித் தரத்தை வகுத்தபோது, எந்த அகராதியிலும் இல்லாத, யாருக்கும் பொருளோ ஓசையோ தெரியாத எழுத்துகள் சில உள்ளே வந்துவிட்டன. ‘ஆவி எழுத்துகள்’ என்றே பெயர். 1997-இல் அந்தத் தரத்தைத் திருத்தும்போது மூல ஆவணங்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஒன்றில் மேலே ‘மலை’, கீழே ‘பெண்’, நடுவில் ஒரு கிடைக்கோடு. ஷிகா மாநிலத்தில் ஒரு சிற்றூரின் பெயரில் ‘மலை’யும் ‘பெண்’ணும் கூடிய அரிய எழுத்து வரும், கோடு கிடையாது. அச்சுக்கு அந்த எழுத்து இல்லாததால் ‘மலை’யைத் தனியே, ‘பெண்’ணைத் தனியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய தாளின் விளிம்பு நிழலாக விழுந்து கோடாகப் பதிவாகியிருக்கிறது. அந்த நிழலுக்கு இன்று யூனிகோடில் எண் இருக்கிறது. உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது. பூச்சியை ஆமையாக்கிய கைக்கும் நிழலைக் கோடாக்கிய கைக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். வேலை ஒன்றுதான்: கண்ணில் பட்டதை உண்மையாகப் பெயர்த்து எழுதினார்கள்.

இனி இப்படி ஓர் எழுத்து எதிர்ப்பட்டால், தைவான் கல்வி அமைச்சகத்தின் மாற்றுரு அகராதியில் தேடுங்கள். இணையத்தில் இலவசம், ஏறத்தாழ ஒரு லட்சம் உருவங்கள், ஒவ்வொன்றும் எந்தப் பழைய நூலில் வருகிறது என்று பக்கத்தின் படத்தோடு. ஓசை தெரியாவிட்டால் உறுப்பையும் கோட்டு எண்ணிக்கையையும் வைத்துத் தேடலாம். அழகான கதை சொல்லும் இணையப் பக்கங்களை அதற்குப் பிறகு படியுங்கள்.

உங்கள் ஓவியத்துக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உருப்பெருக்கி வைத்து ஆமைக்கு அடியில் பாருங்கள். நான்கு புள்ளியோ ‘தீ’யோ இருந்தால், எழுதியவர் ஷூ ஷென் காட்டிய அந்தப் பழைய உருவத்தைத் தேடி எடுத்திருக்கிறார். தீ இல்லாவிட்டால், பிற்காலக் கலைஞர்கள் அழகுக்காக விரும்பி எழுதிய உருவம். அதே வரியில் ‘ஆண்டு’ம் ‘மாத’மும் எழுதியிருப்பார்கள், அந்த எழுத்துகளையும் படமெடுத்து அனுப்புங்கள். அவையும் பழைய உருவத்தில் இருக்கின்றனவா, இலையுதிர்காலத்தை மட்டும் இப்படி எழுதினாரா என்று பார்த்தால் அவர் மனம் இன்னும் கொஞ்சம் தெரியும்.